ஓட்டுக்கூரையைக் கழற்றித் தகரம் போடலாமா?

கல்லாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை அனுப்பிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். அவரை இனங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

கடற்கரையிலிருந்து சுமார் 400 மீற்றர் தூரத்திலுள்ள அந்த வீட்டை அவருடைய தந்தை 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின்னர், 1981இல் சீமெந்துக் கல்லால் கட்டி ஓடு போட்டிருக்கிறார். முன்விறாந்தையைப் பிற்காலத்தில் அஸ்பெஸ்டஸ் சீற்றால் நீட்டியிருக்கிறார்கள். தந்தை இப்போது இல்லை. தாயும் ஆசிரியையும் அவருடைய இரு பிள்ளைகளும் அங்கே வசிக்கிறார்கள். மாலையில் நடுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடக்கிறது. கடந்த இரண்டு மாரியிலும் அடுப்படியிலும் நடுக்கூடத்தின் ஒரு மூலையிலும் கூரை ஒழுகியிருக்கிறது. ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான சிலாகைகள் சிலவற்றில் கறையான் ஏறியிருக்கிறது. தையில் வீட்டில் ஒரு கலியாணம் இருப்பதால் அதற்கு முன்னர் கூரையை முடித்துவிட வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். பார்வையிட வந்த மேசன், ஓடுகளை முழுவதும் இறக்கிவிட்டு இருக்கிற மரத்தின் மேலேயே வர்ணத் தகரச் சீற் அடிக்கலாம் என்றும், பாரம் குறைவதால் சூறாவளிக்கும் அதுவே பாதுகாப்பு என்றும், ஐப்பசியில் தொடங்கினால் இரண்டு கிழமையில் முடித்துத் தரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பழைய ஓடுகளைத் தானே எடுத்துக்கொண்டு கூலியில் கழிப்பதாகவும், மொத்தத் தொகையில் 60 வீதத்தை முற்பணமாகத் தர வேண்டும் எனவும் கேட்டிருக்கிறார். கட்டாரில் வேலை செய்யும் தம்பியோ, ஓடும் வேண்டாம் தகரமும் வேண்டாம், கொங்கிறீற்றுத் தட்டு அடித்துவிடுவோம் என்கிறார். இதற்கிடையில் அஸ்பெஸ்டஸ் புற்றுநோய் தரும் என்று அயலவர் ஒருவர் சொல்லிவிட்டதால், பல ஆண்டுகளாக அந்த விறாந்தையில் படுத்துறங்கும் தாயின் இருமலை நினைத்து ஆசிரியை கலங்கிப்போயிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகள் பல. அவற்றில் அவசரமானதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் உங்கள் கூரையைத் திறக்க வேண்டாம். நம் பகுதிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே பெய்துவிடுகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகி நம்மை நோக்கி வருவதும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்ததும் நவம்பர் 23ஆம் திகதி. இரண்டு கிழமை என்று சொல்லப்படும் கூரை வேலை, கழற்றிய பின்னர் மரத்தின் உண்மை நிலை தெரியவரும்போது ஐந்து, ஆறு கிழமையாக நீள்வது வழமை. அந்த நாட்களில் பாதி திறந்த வீட்டின் மேல் மழை இறங்கினால் சுவர்ப்பூச்சு, மின்கம்பிகள், தளபாடங்கள் எல்லாம் கெடும். அதைவிடக் கெடுதலானது, பாதி அடித்து இன்னும் முழுமையாகப் பிணைக்கப்படாத கூரையைத்தான் காற்று மிக எளிதாகப் பிடுங்கும் என்பது. ஆகவே இந்த மாரிக்கு ஒழுக்கை மட்டும் அடைத்துக்கொண்டு கலியாணத்தை நல்லபடியாக நடத்துங்கள். பெரிய வேலையை மாசி பிற்பகுதியில் தொடங்கி, கச்சான் காற்று வலுக்கும் முன்னர் முடியுங்கள். அகலமான சீற்றுகளைப் பலத்த காற்றில் மேலே ஏற்றுவதும் ஆபத்தான வேலைதான்.

ஒழுக்கின் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கூரையை மாற்றுவது

நம் ஊரில் கூரைக்குச் செலவிடப்படும் பணத்தில் பெரும்பகுதி வீணாவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. ஓட்டுக்கூரை ஒழுகினால் ஓடு பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். நன்றாகச் சுடப்பட்ட ஓடு நாற்பது ஆண்டில் கெட்டுப்போவதில்லை. கெடுவது அதைச் சுற்றியுள்ளவை: முகட்டோட்டின் அடியிலுள்ள சாந்து வெடித்திருக்கும், தேங்காய் விழுந்தோ, மேலே ஏறியவர் மிதித்தோ சில ஓடுகள் கீறியிருக்கும், சிலாகை தாழ்ந்து ஓடுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகியிருக்கும், இரண்டு கூரைகள் சந்திக்கும் மடிப்பிலுள்ள தகரப் பீலி துருப்பிடித்துத் துளைத்திருக்கும், ஓடுகளுக்கிடையே பாசியும் சருகும் அடைத்து, வடிய வேண்டிய நீர் பின்னோக்கி ஊறியிருக்கும்.

உங்கள் அடுப்படி பின்னர் சேர்த்துக் கட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பழைய கூரையும் அடுப்படிக் கூரையும் சேரும் மடிப்பையே நான் முதலில் சந்தேகிப்பேன். நடுக்கூடத்தின் மூலை விறாந்தைப் பக்கம் என்றால், அஸ்பெஸ்டஸ் சீற் சுவரோடு முட்டும் இடத்தில் வெறும் சாந்துதான் பூசப்பட்டிருக்கும். கூரை வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால், சுவருக்கும் சீற்றுக்கும் இடையிலுள்ள சாந்து ஓரிரு ஆண்டில் வெடித்துவிடும்; அங்கே வேண்டியது சுவருக்குள் செருகி சீற்றின் மேல் மடித்து இறக்கிய தகரப் பட்டி. இவை இரண்டையும் ஓர் அனுபவமுள்ள ஓடாவியும் உதவியாளரும் காய்ந்த நாட்கள் சிலவற்றிலேயே சீர்செய்துவிடலாம். அதே நேரத்தில் ஓடுகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், கீறியது மந்தமாக ஒலிக்கும். மரங்களை ஒரு திருகாணிச் சாவியால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எதிர்ப்பின்றி உள்ளே இறங்கும் இடங்களில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, அவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாசியில் எவ்வளவு மரம் மாற்ற வேண்டும் என்பதை அந்தப் படங்கள்தான் சொல்லும். கறையான் நிலத்திலிருந்து மண்தடம் கட்டிச் சுவர் வழியாக மேலே ஏறியிருக்கும். அந்த வழியை அடியிலேயே மருந்திட்டு அடைக்காமல் சிலாகையை மட்டும் மாற்றினால் புதிய மரத்தையும் அது தேடி வரும்.

பாரம் குறைந்த கூரை சூறாவளிக்குப் பாதுகாப்பா?

மேசன் சொன்னதை நீங்கள் நம்பியதில் வியப்பில்லை, ஏனெனில் கூரை என்றதும் அது நம் தலையில் விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறோம். ஆனால் பலத்த காற்றில் கூரைக்கு நேரும் முதல் ஆபத்து விழுவதன்று, மேலே இழுக்கப்படுவது. கூரையின் மேலாகக் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைந்து கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. ஒரு யன்னலோ கதவோ உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு ஏறத்தாழ 10 கிலோ. கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் மூலைகளிலும் உறிஞ்சும் விசை அதையும் தாண்டிப் போகலாம். இதற்கு எதிராக ஓட்டின் எடை சதுர அடிக்கு சுமார் 4 கிலோ, 0.47 மில்லிமீற்றர் தகரச் சீற்றின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு.

இதிலிருந்து ஓடுதான் பாதுகாப்பு என்று நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது. ஓடுகளும் அந்தக் காற்றில் பறக்கும். வேறுபாடு என்னவென்றால், ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். சீற்றோ தன்னோடு சிலாகையையும், சில வேளைகளில் அதைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். தகரக் கூரையை நன்றாகப் பிணைத்தால் ஓட்டைவிட உறுதியாகவும் நிற்கும். ஆகவே மேலே எதைப் போடுவது என்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, அதை எது கீழே பிடித்து வைத்திருக்கிறது என்பது. சீற்றைச் சிலாகையும், சிலாகையைக் கைமரமும், கைமரத்தைச் சுவரின் தலையிலுள்ள மரமும், அந்த மரத்தைச் சுவரும், சுவரை அத்திவாரமும் பிடித்திருக்க வேண்டும். இந்தத் தொடரில் ஓர் இடம் விட்டாலும் மற்ற எல்லா இடங்களிலும் செய்த செலவு பயனற்றுப் போகும்.

உங்கள் வீட்டில் இருக்கிற மரத்தின் மேலேயே சீற் அடிப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ஓட்டுக்காக ஏறத்தாழ ஓர் அடி இடைவெளியில் அடிக்கப்பட்ட மெல்லிய சிலாகைகள், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கவே அமைக்கப்பட்டவை. அவற்றில், அதுவும் கறையான் தின்ற மரத்தில், திருகாணி இறங்கினால் அது பிடிப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை. சீற் போடுவதென்றால் தடித்த சிலாகைகளைப் புதிதாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு கைமரமும் சிலாகையும் சந்திக்கும் இடத்திலும், கைமரம் சுவர்த்தலையில் அமரும் இடத்திலும், துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டியை மேலாகச் சுற்றி இரண்டு பக்கங்களிலும் ஆணி அடிக்க வேண்டும். மேலிருந்து நேராக அடித்த ஆணியைக் காற்று மேல்நோக்கி எளிதாக உருவிவிடும். பட்டியில் பக்கவாட்டாக அடித்த ஆணிகளை உருவ முடியாது, வெட்டித்தான் கழற்ற வேண்டும். இந்தப் பட்டிகளுக்காகும் செலவு முழுச் செலவில் மிகச் சிறு பங்கு. அப்படியிருந்தும் செலவுப் பட்டியலில் முதலில் வெட்டப்படுவது இதுதான், வெளியே தெரியாது என்பதால்.

கூரை திறந்திருக்கும்போது சுவரின் தலையைப் பாருங்கள். வீட்டைச் சுற்றி ஒரு தொடர்ச்சியான கொங்கிறீற்றுப் பட்டி ஓடுகிறதா, சுவர்த்தலை மரம் அதில் முறையாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா, அல்லது வெறுமனே கல்லின் மேல் அமர்ந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். சூறாவளிக்குப் பின் கட்டப்பட்ட வீடு என்பதால் உங்கள் தந்தை இதில் கவனம் எடுத்திருக்கவும் கூடும். இல்லையென்றால், நான்கு கம்பியிட்ட கொங்கிறீற்றுப் பட்டி ஒன்றை வார்த்து, அதில் 12 மில்லிமீற்றர் முறையாணிகளை நான்கு அடிக்கு ஒன்றாகப் பதிப்பதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வர்ணச் சீற் வாங்கும் பணத்தில் இதைச் செய்துவிட்டு, நல்ல ஓடுகளைத் திரும்பவும் போடுவதுதான் உங்கள் நிலையில் நான் தெரிவுசெய்வது. ஓட்டுக்குக் குறைந்தது 30 பாகை அளவு சரிவு வேண்டும். அது உங்கள் கூரையில் ஏற்கெனவே இருக்கிறது. பகலில் வீடு குளிர்ச்சியாக இருக்கும். மழை நேரத்தில் தகரத்தின் கீழ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படியும் தகரம்தான் என்று குடும்பம் முடிவெடுத்தால், கடற்காற்றை மனத்தில் வைத்துச் சில விடயங்களைக் கேட்டு வாங்குங்கள். மேற்பூச்சு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம், வர்ணத்தைச் சேர்க்காமல் தகட்டின் தடிப்பு எவ்வளவு, கடலிலிருந்து 400 மீற்றர் தூரத்தில் உத்தரவாதம் செல்லுபடியாகுமா என்ற மூன்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பல உத்தரவாதங்களில் கடலோர வீடுகள் விலக்கப்பட்டிருக்கும். சீற்றைத் தீப்பொறி பறக்கும் அரைசக்கரத்தால் வெட்ட விடாதீர்கள்; சூடு பூச்சை எரிக்கும், சிதறும் இரும்புத்தூள் அங்கங்கே துருவாகும். ஈரச் சீமெந்து பட்டாலும் பூச்சு அரிக்கப்படும். றப்பர் வளையம் நசுங்கிப் பிதுங்குமளவுக்குத் திருகாணியை இறுக்கினால் அதுவே பின்னர் ஒழுக்காகும். உங்கள் முகடு வடக்குத் தெற்காக ஓடுகிறது என்று எழுதியிருப்பதால், சீற் அடிப்பதைத் தென்முனையில் தொடங்கி வடக்கு நோக்கி வர வேண்டும். அப்போதுதான் வாடைக் காற்றோடு வரும் மழை, மேற்பொருந்தும் விளிம்புக்குள் புகாது. ஓரங்களிலும் மூலைகளிலும் திருகாணிகளை நெருக்கமாக இடச் சொல்லுங்கள்.

விறாந்தையின் அஸ்பெஸ்டஸும் அம்மாவின் இருமலும்

அயலவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் படிப்படியாக நிறுத்துவதாக அறிவிக்கப்பட்டபோதிலும் அது பின்னர் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் உங்கள் பயத்தின் ஒரு பகுதியை நான் குறைக்க விரும்புகிறேன். கூரைச் சீற்றில் நார் சீமெந்தோடு இறுகியிருக்கிறது. உடையாமல், உதிராமல் இருக்கும் சீற்றின் கீழ் படுத்திருப்பவர் சுவாசிக்கும் நார் மிகக் குறைவு. அதை வெட்டும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பாசியைத் தூரிகையால் உரஞ்சும்போதும், அழுத்த நீரால் கழுவும்போதும்தான் தூசி கிளம்புகிறது. அஸ்பெஸ்டஸ் நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுபவை. அம்மாவின் இருமலுக்கு அதுதான் காரணம் என்று நீங்களாக முடிவுசெய்துவிட வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை அவசியம் என்பதால், அவரைக் கூரை வேலைக்காகக் காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். வீட்டில் அஸ்பெஸ்டஸ் கூரை இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் சீற்றுகள் விளிம்பில் நார்நாராகப் பிரிந்து சாம்பல்போல் உதிர்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவற்றை அகற்றத்தான் வேண்டும், ஆனால் அவசரமாக அன்று. அதுவரை அம்மாவின் கட்டிலை உள்ளே மாற்றிவிடுங்கள். அகற்றும் நாளில் சீற்றுகளை நீர் தெளித்து ஈரமாக்கி, கொக்கிகளை வெட்டி, முழுச் சீற்றாகவே கீழே இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. வேலை செய்பவர்கள் துணியைக் கட்டிக்கொள்வது போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். உடைகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். பிள்ளைகளும் அம்மாவும் அன்று வீட்டில் இருக்கக் கூடாது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் ஆளின் பாரத்தைத் தாங்காது என்பதால் கூரையின் மேல் பலகை போட்டு, அதில் மட்டுமே நகர வேண்டும். இந்த வேலைக்குக் கூலிக்கு வருபவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பொடியன்கள். அந்தத் தூசி நாற்பது ஆண்டு கழித்து அவர்கள் நெஞ்சில் என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்ல வேண்டும்.

கழற்றிய சீற்றுகளை உடைத்து முற்றத்துப் பள்ளத்தை நிரப்புவதும், கோழிக்கூட்டுக்கு மறைப்பாக வைப்பதும் நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாக அமைக்காமல் தனிக் கூரையாக அமைக்கச் சொல்லுங்கள். மூன்று பக்கமும் திறந்த விறாந்தையைத்தான் காற்று முதலில் தூக்கும். அது தனியாக இருந்தால் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

தம்பியின் யோசனை

தம்பியின் அக்கறை எனக்குப் புரிகிறது, தட்டு அடித்த வீடு காற்றில் பறக்காது என்பதும் உண்மை. ஆனால் ஐந்து அங்குலக் கொங்கிறீற்றுத் தட்டின் எடை சதுர அடிக்கு ஏறத்தாழ 28 கிலோ, அதாவது ஓட்டைப் போல ஏழு மடங்கு. தூண்கள் இல்லாத சீமெந்துக் கல் சுவரும், கடற்கரை மணலில் ஓட்டுக்கூரைக்கென வெட்டிய அத்திவாரமும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. உப்புக் காற்றில் கம்பிக்குப் போதிய கொங்கிறீற்று மூடல் இல்லையென்றால் கம்பி துருவேறி வீங்கி, தட்டின் அடிப்பாகம் உரிந்து விழும். பொறியியலாளர் ஒருவர் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துக் கணக்கிடாமல் இதைத் தொடவே வேண்டாம் என்று தம்பிக்கு எழுதுங்கள்.

அனுமதியும் எழுத்தும் பணமும்

ஓட்டுக்கு ஓடு மாற்றுவது பராமரிப்பு வேலை. ஆனால் கூரையின் உயரத்தையோ வடிவத்தையோ மாற்றினால், விறாந்தையை அகலப்படுத்தினால், பிரதேச சபையின் அனுமதி வேண்டும். தொடங்கும் முன்னர் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்கு உட்பட்ட இடங்களுக்குக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேறு அனுமதியும் தேவைப்படும். உங்கள் வீடு அந்த எல்லைக்கு வெளியே என்று தெரிந்தாலும், தூரம் கண்மதிப்பாகச் சொன்னது என்றால் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

60 வீத முற்பணம் கொடுக்க வேண்டாம். மேசன் நேர்மையற்றவர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வேலையின் பாதிக்கு மேற்பட்ட பணம் கைமாறிய பிறகு தரம் பற்றிப் பேச உங்களுக்கு இடமிருக்காது. பொருட்களை நீங்களே வாங்கி, மரக்காலையின் பற்றுச்சீட்டு உட்பட எல்லாவற்றையும் உங்கள் கையில் வைத்திருங்கள். கூலியை நான்காகப் பிரியுங்கள்: பழையதைக் கழற்றி மரத்தைப் பார்த்த பின் ஒன்று, மரவேலையும் இரும்புப் பட்டிகளும் முடிந்ததை நீங்கள் ஏணியில் ஏறியோ புகைப்படத்திலோ கண்ட பின் ஒன்று, மேல்மூடி முடிந்த பின் ஒன்று, கடைசிப் பத்து வீதம் அடுத்த மாரியின் முதற் பெருமழை ஒழுக்கின்றிக் கடந்த பின் ஒன்று. ஓடுகளைக் கூலியில் கழிப்பதை அறவே விட்டுவிடுங்கள். எத்தனை நல்ல ஓடு இருக்கிறது என்பது எண்ணப்படும் முன்னர் அதற்கு விலை பேச முடியாது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மரத்தின் வகையும் அளவும், பட்டிகள் வரவேண்டிய இடங்களும், வேலையாள் விழுந்து காயப்பட்டால் யார் பொறுப்பு என்பதும் அதில் வரும்படி செய்து, இருவரும் சாட்சிகளோடு ஒப்பமிடுங்கள். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபையிலும் நீதிமன்றத்திலும் பேசுவது அந்தத் தாள்தான். எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீது வழக்கிட ஆறு ஆண்டுகள் உண்டு, வாய்ப்பேச்சுக்கு மூன்று ஆண்டுகள் மட்டுமே. மேசன் இந்த நிபந்தனைகளுக்கு இணங்கினால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். இணங்காவிட்டால் மாசிக்கு முன்னர் வேறொருவரைத் தேட உங்களுக்குப் போதிய காலம் இருக்கிறது.